குழந்தைகள் வரக்கூடாத கூடம்

எங்கள் கம்பெனியில் டீ இடைவேளையில்தான் கைப்பேசியைத் தொட முடியும். பெயின்ட் ஷாப் வாசலில் இருக்கும் லாக்கரைத் திறந்து பார்த்தபோது ஒரே டாக்டரிடம் வைத்தியம் பார்த்த நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்து கிடந்தது. டாக்டர் வனஜாட்சி விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். செய்திக்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள். அவற்றுக்குக் கீழே குழந்தைகளின் படங்கள். ‘எங்க வீட்டு விளக்கை ஏற்றி வைத்த தெய்வம்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். டாக்டர் அதைப் பார்த்திருந்தால், “தெய்வம்னா கோயிலுக்குப் போக வேண்டியதுதானே, எங்கிட்ட எதுக்கு வந்தே?” என்று கேட்டிருப்பார். டீ ஆறிப்போகும் வரை அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுகை வர இன்னும் நேரம் இருந்தது.

கம்பெனி ஆண்டு மலரில் நாலு வரி எழுதுகிறவள் என்பதால், “நீங்களே நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா, பதினாறாம் நாள் படிக்கலாம்” என்று கேட்டீர்கள். நல்லதாக எழுதச் சொன்னதுதான் சிக்கல். அந்த அம்மாளிடம் நல்ல வார்த்தை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். நம்மை அழவைத்தே அனுப்பியவர் அவர். தெலுங்கில் திட்டினால் சாதாரணக் கோபம், கன்னடத்தில் திட்டினால் பெரிய கோபம், தமிழுக்கு மாறி அமைதியாகப் பேச ஆரம்பித்தால் நம் கதை முடிந்தது என்று நமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். இறந்துபோனார் என்பதற்காக அவரைச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்க என்னால் முடியாது. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே எழுதுகிறேன்.

நீல நாற்காலிகள் போட்ட அந்தக் கூடத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தைப் பேறு மருத்துவமனை என்றால் சுவர் முழுக்கக் கொழுகொழு குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும். ஓசூரில் மற்ற இடங்களில் அப்படிப்பட்ட சுவர்களைப் பார்த்துவிட்டுத்தான் நானும் இவரிடம் போய்ச் சேர்ந்தேன். இங்கே சுவரில் ஒரு கடிகாரம் மட்டும் இருந்தது. ஒரு நாள் பாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் லட்டு டப்பாவோடு, முகமெல்லாம் பூரிப்பாக உள்ளே வந்தாள். டாக்டர் ஸ்கேன் அறையிலிருந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். “வெளிய போ. புள்ளைய எடுத்துக்கிட்டு இங்க வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றார். “உங்க கையால ஆசீர்வாதம்…” என்று அவள் ஆரம்பித்தாள். “என் கை அழுக்கா இருக்கு. போ” என்றார். அந்தப் பெண் தேம்பிக்கொண்டே போனாள். லட்டு கேட்டில் வாட்ச்மேனிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். அந்தத் தெருவில் யாருக்கு எப்போது குழந்தை தங்கியது என்று அவர் விநியோகிக்கும் லட்டை வைத்தே எல்லோருக்கும் தெரியும்.

அன்று கூடம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. இவ்வளவு கல்நெஞ்சமா, இவளுக்கே குழந்தை இல்லை போலிருக்கிறது, அந்த வயிற்றெரிச்சல்தான் இப்படிப் பேசவைக்கிறது என்றார்கள். அவர் மேஜையில் ஒரு குடும்பப் படம்கூட இல்லாததை நாம் எல்லோரும் கவனித்திருந்தோம். கருத்தரிக்கவில்லை என்ற முடிவு வந்து, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அந்தக் குழந்தை வெளியே போன பிறகுதான் குனிந்த தலையை நிமிர்த்தினாள். அதை நான் பார்த்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். வண்டிகளின் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் பிரிவில் தரம் பார்ப்பது என் வேலை. பவுடரைத் தூவி ஓவனில் வேகவைத்த பூச்சு எவ்வளவு தடிமன் என்று கருவியை வைத்து அளந்து, குறைந்தால் ஒதுக்குவேன். கணவர் குமரேசனும் தொழிற்பேட்டையில்தான் இருந்தார், வேறு கம்பெனி. அவருடைய ஊர் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி. நிலம் உள்ள குடும்பம், நான் அந்த வீட்டின் மூத்த மருமகள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் நேராகவே சொல்லிவிட்டார்: “இந்த ஒரு வைத்தியம் பாருங்க. ஆவலன்னா எம்புள்ளைக்கு வேற வழி பாக்க வேண்டியதுதான்.” வேற வழி என்றால் என்ன வழி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் உடம்பிலிருந்து எடுத்த முட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் உருப்படியான கருவாக வளர்ந்தது. அதை உடனே உள்ளே வைப்பார்கள் என்று நான் புதுச் சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, “புரோஜெஸ்ட்ரோன் சீக்கிரமே ஏறிடுச்சு. இப்ப வெக்க மாட்டேன். உறைய வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போ” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “சொன்னா புரியுமா?” என்றார். “சொல்லிப் பாருங்க” என்றேன். எனக்கும் வாய் உண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார்.

பிறகு சொன்னார். லைனிங் என்று அவர் சொன்ன கர்ப்பப்பையின் உள்பூச்சை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். வளர்ந்ததைக் கருவை ஏற்கும் பக்குவத்துக்குக் கொண்டுவருவது புரோஜெஸ்ட்ரோன். பக்குவம் வந்தபின் கருவுக்குக் கதவு சில நாள்தான் திறந்திருக்கும், அப்புறம் சாத்திக்கொள்ளும். இரண்டாவது ஹார்மோன் முந்திக்கொண்டால் கதவு முன்னாடியே திறந்து முன்னாடியே மூடிவிடும். கரு பின்னால் வந்து தட்டிக்கொண்டு நிற்கும். நான் என் வேலையோடு பொருத்திப் பார்த்தேன். “பவுடர் முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே பீஸை ஓவன்ல விட்ட மாதிரிங்களா மேடம்? வெந்த பீஸ் மேல மறுபடியும் பூச்சு சரியா நிக்காது” என்றேன். “அதேதான். பரவால்லையே, மூளை வேலை செய்யுது” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உறைந்த கருவை வைக்க உள்பூச்சை மாத்திரை கொடுத்து வளர்க்க வேண்டும். என் உடம்பு அதற்கு லேசில் மசியவில்லை. மாத்திரையைக் கூட்டினார், பூச்சு மெலிந்தே கிடந்தது. நிறுத்தினார், உதிரம் போயிற்று, மறுபடி தொடங்கினார். இதற்கிடையில் மாமியார் மாதுளம்பழம் சாப்பிட்டால் கர்ப்பப்பை தடிக்கும் என்று எங்கோ கேட்டு, கூடைக் கணக்கில் பழம் வாங்கி உரித்து ஊட்டினார். ஒரு நாள் கிளினிக்குக்கே டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் அதைப் பார்த்து, “மாதுளம்பழம் தின்னா பழக்காரனோட பணப்பைதான் தடிக்கும். மாத்திரைய மட்டும் நேரத்துக்குக் குடுங்க” என்றார். மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கும் வேலையைக் குமரேசன் எடுத்துக்கொண்டார். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து நிரப்புவார். ஈஸ்ட்ரோஜன், சத்து மாத்திரை, இன்னும் என்னென்னவோ. நான் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். நர்ஸ்கள் எல்லாம் அவரைப் பெரிய உத்தமர் என்றார்கள். நீங்களும்தான், “குடுத்து வெச்சவ நீ” என்றீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த முறை உள்பூச்சு நன்றாக ஏறிவந்தது. நடுவில் ஒரு ஸ்கேனில், பூச்சு சரியாக வளர்வதற்கு அடையாளமாக மூன்று கோடு போட்டதுபோல் அழகாகத் தெரிகிறது என்று நர்ஸ் காதோடு சொன்னாள். அதே சமயத்தில் கல்லாவியில் மாரியம்மன் திருவிழா வந்தது. மூத்த மருமகள்தான் மாவிளக்கு எடுக்க வேண்டும். விடுப்பு வாங்கிக்கொண்டு போய், பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து விளக்கேற்றி, தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றி வந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை. ஊர் திரும்பியதும் அடுத்த ஸ்கேன்.

திரையில் எண்ணைப் பார்த்தேன். எனக்குத் தடிமன் படிக்கத் தெரியும். இதுவரை வராத நல்ல அளவு. மகிழ்ச்சியில் எழுந்து உட்காரப் போனேன். டாக்டர், “படு” என்றார். கருவியை இப்படியும் அப்படியும் திருப்பினார். மூன்று கோட்டைக் காணோம், முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தது. ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. அவர் எப்போது சாத்தினார்?

“ரத்தத்துல புரோஜெஸ்ட்ரோன் இல்ல. படத்துல அது வேலை பாத்திருக்கு. இந்த டெஸ்ட்ல சிக்காத ஏதோ ஒண்ண முழுங்கியிருக்கே. என்னது?”

“ஒண்ணும் முழுங்கலீங்க மேடம். நீங்க குடுத்தது மட்டும்தான்.”

“அபத்தம் செப்பொத்து!” பொய் சொல்லாதே என்று தெலுங்கில் கத்தினார். பிறகு கன்னடத்தில் என்னென்னவோ. பிறகு தமிழுக்கு வந்து குரலை இறக்கினார். “யாரோ உன்னை முன்னாடியே ஓவன்ல தள்ளியிருக்காங்க. இல்லன்னா நீயே போய் உக்காந்திருக்கே. இந்த ரவுண்டு கேன்சல்.”

நான் கெஞ்சினேன். அளவு சரியாகத்தானே இருக்கிறது, வைத்துவிடுங்கள் என்றேன். தை பிறப்பதற்குள் நல்ல சேதி வரவில்லையென்றால் வீட்டில் பேச்சே வேறாகிவிடும் என்றேன். காலில் விழப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். “இருக்குறது ஒரே ஒரு கரு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சே அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடச் சொல்றியா? எங்கிட்டயே பொய் சொல்ற வாய்க்குப் புள்ள எதுக்கு?” என்றார். கூடத்தில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வெளியே வந்தபோது ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை இன்றைக்கும் என் உடம்பில் ஏதோ ஓர் இடத்தில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. அவர் செத்துப்போனதால் அது கழன்று விழுந்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கட்டிலில் கொட்டினேன். கம்பெனியில் பாகங்களைப் பிரிப்பதுபோல் மாத்திரைகளை இனம் இனமாகப் பிரித்தேன். சின்ன வெள்ளை மாத்திரைகளுக்குள் ஒன்று மட்டும் ஓரம் சீவினாற்போல் வேறாக இருந்தது. ஷிப்டு முடிந்து வந்த குமரேசனிடம் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மாதான் வாங்கிக் குடுத்துச்சு. நாள் தள்ளிப்போற மாத்திர. திருவிழா முடியிற வரைக்கும்தான். நிறுத்த மறந்துட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ டாக்டர கேக்கணும்னு நிப்பேன்னு அம்மா சொல்லிச்சு.”

எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. திருவிழா, கிரகப்பிரவேசம், கல்யாணம் எது வந்தாலும் மருந்துக்கடையில் அந்த மாத்திரைக்குக் கிராக்கி. வீட்டில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு மாதிரி எடுத்து நீட்டுவார்கள். முந்தைய சுற்றில் மாத்திரையை நிறுத்தியதும் எனக்கு உதிரம் போனதை மாமியார் பார்த்திருந்தார். திருவிழா அன்று அப்படி ஆகிவிட்டால் மாவிளக்கு தீட்டாகிவிடுமே என்ற பயம். அந்த மாத்திரை செய்வதும் புரோஜெஸ்ட்ரோன் செய்கிற அதே வேலைதான். உதிரம் தள்ளிப்போகும், உள்பூச்சு முன்கூட்டியே வெந்துவிடும். மாவிளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு அம்மனிடம் பிள்ளை வரம் கேட்ட நேரத்தில் என் வயிற்றுக்குள் கதவு சாத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்த மாத்திரையைக் கொண்டுபோய் டாக்டரின் மேஜையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். “கம்பெனியில பீஸ் பீஸா புரட்டிப் பாக்குறவ, வாயில போடுறத பாக்க மாட்டியா?” என்றார். மன்னிப்பு கேட்பார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். பைத்தியக்காரி நான். “ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா” என்று மட்டும் சொன்னார்.

கூட்டிக்கொண்டு போனேன். அன்றும் கதவு திறந்தே இருந்தது. மாமியார் தைரியமாகத்தான் பேசினார்.

“ஊர் கூடி நிக்கற எடத்துல தீட்டாயிட்டா எங்க வூட்டுக்கு என்னா மருவாதைங்க? அதுக்கோசரம்தான் போட்டோம். எங்க வூட்டுல எல்லாப் பொம்பளைங்களும் போடுறதுதானுங்க. யாருக்கு என்னா ஆயிடுச்சு?”

டாக்டர் கோபப்படவே இல்லை. எடுத்த எடுப்பில் தமிழிலேயே ஆரம்பித்தார்.

“மாவெளக்கு எடுத்தாளா?”

“எடுத்தாளுங்க.”

“நல்லா எரிஞ்சுதா?”

“ஆத்தா புண்ணியத்துல நின்னு எரிஞ்சுதுங்க.”

“சந்தோஷம். இனிமே பேரன் வேணும்னு எங்கிட்ட வராதீங்க. அந்த வெளக்கையே எடுத்து மடியில வெச்சுக் கொஞ்சுங்க.”

டாக்டர் குமரேசனைப் பார்த்தார். “டப்பா நெரப்பி நெரப்பி நல்ல புருஷன்னு பேர் வாங்கினே. கையெழுத்து போட்டு எங்கிட்ட ஒப்படைச்ச பொண்டாட்டி உடம்புல அம்மா சொன்னான்னு மருந்து கலந்திருக்கே. உனக்கு வெக்கம்னு ஒண்ணு இருந்தா, அன்னைக்கு இவளைப் பொய்க்காரின்னு நான் சொன்னப்ப இந்த ஊர்ல எந்த மூலையில இருந்தே?” டாக்டர் என் பக்கம் திரும்பி, கூடத்துக்கே கேட்கிற மாதிரி, “இவ பொய் சொல்லல” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்று அந்த இருவரின் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று நான் மறைக்கப் போவதில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை நானே மாத்திரையை எண்ணி விழுங்கினேன். மூன்று கோடு வந்தது. அளவு வந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டியது இருந்தது, இருக்கக் கூடாதது இல்லை. திரையைப் பார்த்துவிட்டு டாக்டர் “ம்” என்றார். புரோஜெஸ்ட்ரோன் தொடங்கி, நாள் பார்த்து, அந்த ஒற்றைக் கருவை உள்ளே வைத்தார். ராகு காலத்துக்கு முன்னால் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி மாமியார் போன் செய்திருந்தார். நான் கேட்கவில்லை. சொன்ன நாளில் கர்ப்பமா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

கெட்ட செய்தியை அவர் எப்படிச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். மற்ற இடங்களில், கொஞ்சம் கம்மியாக இருக்கிறது, நாளை மறுநாள் பார்ப்போம் என்று இழுப்பார்கள். இவர் நர்ஸிடம் விட மாட்டார். எழுந்து நின்றுகொண்டு முதல் வார்த்தையிலேயே போட்டு உடைப்பார்.

“இல்ல” என்றார்.

“லைனிங் நல்லா இருந்துச்சு. ஹார்மோன் நல்லா இருந்துச்சு. வெச்சதும் சரியான நாள்ல வெச்சேன். ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவன்கிட்ட போயிடாதே” என்றார்.

“போன தடவையே வெச்சிருந்தா…” என்று கேட்டேன்.

“அப்ப வெச்சிருந்தா ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

எனக்கு அழுகை பீறிட்டது. அவர் தண்ணீர் கொடுக்கவில்லை, தோளைத் தொடவில்லை. “அழணும்னா இங்கயே அழுது முடி. வெளிய ஊசி போட்டுக்க உக்காந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய், அன்று முதன்முறையாக அந்தக் கதவைச் சாத்தினார். நான் அழுது முடிக்கும் வரை அடுத்தவரைக் கூப்பிடவில்லை. வெளியே வந்தபோது அவர் நர்ஸ் யாரையோ கன்னடத்தில் வறுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கல்லாவி வீட்டில் கூடிப் பேசினார்கள். பெரியவர்கள் நாலு பேர், பாரூரிலிருந்து மாமியாரின் தம்பி. “அவ வவுறு அப்பிடி. நாம என்னா பண்றது? எம்புள்ள தனிமரமா நிக்கணுமா?” என்று மாமியார் ஆரம்பித்தார். நான், “லைனிங் நல்லா இருந்துச்சு” என்றேன். யாருக்கும் புரியவில்லை. “எங்கிட்டக் குறை இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. குறை சொல்லணும்னா மாத்திரை வாங்கின கையச் சொல்லுங்க” என்றேன். பாரூர் மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். குமரேசன் பாயின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த மாசமே என் துணிகளோடு ஓசூருக்கு வந்துவிட்டேன். பிறகு சட்டப்படி விலகினோம். அவருக்கு மறுமணம் ஆகி ஒரு பையன் இருக்கிறானாம். இப்போது மாவிளக்கு யார் எடுக்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

டாக்டரின் வீடு தொரப்பள்ளி சாலையில், ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. சாவுச் செய்தி வந்த அன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு அங்கே போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. சாவு வீட்டுச் சத்தம் இல்லை அது. கேட்டுக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் குழந்தைகள். இடுப்பில், தோளில், தரையில், பந்தல் காலைச் சுற்றி ஓடிக்கொண்டு. எத்தனையோ வருஷம் கேட்டோடு நின்றுபோன குழந்தைகள் அத்தனையும் ஒரே நாளில் உள்ளே வந்துவிட்டன. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் நன்றிக்காகத்தான் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வாட்ச்மேன் ஓர் ஓரமாக நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு போட ஆள் இல்லை.

தலைமாட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதே மூக்கு, அதே முறைப்பு. மகள்கள். நம்மில் பலருக்கு அன்றுதான் தெரியும். மூத்தவளிடம், “அம்மா உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்றேன். “எங்கள கிளினிக் பக்கமே விட மாட்டாங்க. ஸ்கூல் விட்டு வந்தா பின்தெருவுல ஆட்டோவுல உக்காந்திருப்போம். அம்மா வேலைய முடிச்சுட்டுப் பின்வாசல் வழியா வருவாங்க. மேஜையில எங்க போட்டோவ வைங்கன்னு சின்னதுல அழுதிருக்கேன். அதுக்கு அடிகூட வாங்கியிருக்கேன்” என்றாள். சொல்லும்போதும் அவளுக்குக் கோபம் தீரவில்லை. அம்மா மேல் கோபமா, நம் மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளை அழவைத்து ஆட்டோவில் ஒளித்துவைத்துத்தான் அவர் நம்மைக் கூடத்தில் உட்காரவைத்திருக்கிறார். இதைக் கருணை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மகள்களுக்கு அது கொடுமை. பின்னால் அதே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு அந்தக் கொடுமையின் நிழலில்தான் மூச்சு விட முடிந்தது.

மாலையை வைத்துவிட்டுத் திரும்பும்போது, கூடத்தில் என்னோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி கையைப் பிடித்தாள். மடியில் கொழுகொழுவென்று ஒரு பையன். “எத்தன வருசமாச்சுக்கா பாத்து! உங்களுக்கு என்ன கொழந்த? கூட்டிட்டு வரலியா?” என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். டாக்டர் உயிரோடு இருந்த வரை அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும் இடத்துக்கு எவளையும் அவர் விட்டதில்லை.

அவரிடமிருந்து எனக்குக் குழந்தை கிடைக்கவில்லை. ஆறுதல் கிடைக்கவில்லை. மன்னிப்பும் கிடைக்கவில்லை. நேராக நின்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடும் அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. குளிர்பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல், வாயை மூடிக்கொண்டு, யாரோ ஒரு சாது அம்மாள்போல் கிடந்தார். நான் அவளிடம் திரும்பினேன்.

“இல்ல” என்றேன். “லைனிங் நல்லா இருந்துச்சு.”

அவள் முகம் வெளுத்தது. மடியிலிருந்த பையனின் தலையைச் சேலைத் தலைப்பால் மெல்ல மூடிக்கொண்டாள்.